ஒரே தாளில் செவ்வாய்ப் பயணம்: குழந்தைகளுக்கான சித்திரக்கதை செய்முறை

தேவையானவை: ஏ4 தாள் ஒன்று, பென்சில், அழிப்பான், கறுப்பு ஜெல் பேனா, கத்தரிக்கோல்.

1. புத்தகம் மடித்தல்

தாளை மூன்று முறை பாதி பாதியாக மடித்துப் பிரியுங்கள். எட்டுப் பகுதிகள் தெரியும். பிறகு குறுகிய ஓரங்கள் இரண்டும் சேரும்படி மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து நடுக்கோட்டில் பாதித் தூரம் மட்டும் வெட்டுங்கள். பிரித்து, நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளினால் வெட்டிய இடம் வாய் திறக்கும். அப்படியே சுற்றி மடித்தால் எட்டுப் பக்கப் புத்தகம். பக்க எண்களை இப்போதே போட்டுவிடுங்கள். பிரித்து வரையும்போது பாதிப் பக்கங்கள் தலைகீழாக இருக்கும்.

2. கதை முடிச்சு

வேற்றுக்கிரகவாசியும் லேசர் துப்பாக்கியும் வேண்டாம் என்பது என் கட்சி. செவ்வாயிடமே நல்ல முடிச்சு இருக்கிறது. பூமிக்கும் அதற்கும் உள்ள தொலைவு ஏறக்குறைய 5.5 கோடி கி.மீ. முதல் 40 கோடி கி.மீ. வரை மாறும். ஒளியின் வேகத்தில் போகும் ரேடியோ அலைக்கே ஒருவழிப் பயணம் 3 முதல் 22 நிமிடம். சூரியத் தகட்டில் தூசி படிந்து மின்சாரம் குறைகிறது, செவ்வாயில் இருக்கும் சிறுமி, பூமியில் இருக்கும் அம்மாவிடம், “அம்மா, என்ன செய்வது?” என்று கேட்கிறாள். செவ்வாய் தொலைவில் இருந்தால், பதில் வர முக்கால் மணி நேரம் ஆகும்! (தூசி கற்பனையல்ல. நாசாவின் இன்சைட் கலம் 2022இல் ஓய்ந்தது அதனால்தான்.)

3. பக்கம் பிரித்தல்

1 அட்டை, 2 தரையிறக்கம், 3 கோளாறு. அம்மாவிடம் கேட்கும் கேள்வி 3ஆம் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் வரட்டும். குழந்தை பக்கத்தைப் புரட்டியே தீரும். 4, 5 காத்திருப்பு. இங்கே வசனமே கூடாது. ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் கடிகாரமும், குறைந்துகொண்டே வரும் பேட்டரி சதவீதமும் போதும்: 40, 31, 22. 6, 7இல் அவளே வெளியே போய்த் துடைக்கிறாள். 8இல் தாமதமாக வருகிறது பதில்: “முதலில் தகட்டைத் துடை, கண்ணு.”

4. வரைதல்

வசனத்தை முதலில் எழுதி, அதைச் சுற்றிப் பேச்சுக் குமிழி போடுங்கள். குமிழியை முன்னதாக வரைந்தால் எழுத்து அடைந்துகொள்ளும். விண்வெளியில் ஒலி பரவாது. அங்கே “டமார்” எழுதாதீர்கள். செவ்வாயில் காற்று மிக மெல்லியது, ஒலி மங்கலாகக் கேட்கும். “சர்ர்” என்று பொடி எழுத்தில் போடலாம். பகல் வானத்துக்குப் பழுப்பு மஞ்சள், மறையும் சூரியனைச் சுற்றி மட்டும் நீலம்.

வண்ணம் தீட்டுவதற்கு முன் தாளைப் பிரித்து நகலெடுத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பக்கமும் ஒரே புறத்தில் இருப்பதால் ஒரு நகலே ஒரு புத்தகம்.