கச்சான் காற்றில் கடதாசி துள்ளும்: வீட்டில் நிலைமின் செய்து பார்ப்போம்

நிலைமின் என்பது தேய்க்கும்போது பொருளில் சேர்ந்து நிற்கும் மின்னேற்றம். இதை மாரியில் தொடங்க வேண்டாம். போன மார்கழி அடைமழைக்குள் மருமகளுக்குக் காட்டப்போய், ஒரு துண்டுக் கடதாசிகூட அசையவில்லை. "மாமா, கரண்ட் போயிற்றா?" என்று கேட்டாள்.

கரண்ட் ஒரு வகையில் போய்த்தான் விட்டது. ஈரக் காற்றில் பொருட்களின் மேல் மெல்லிய நீர்ப்படலம் படியும். சேர்ந்த மின்னேற்றம் அதன் வழியே கசிந்துவிடும். மட்டக்களப்பில் தோதான நேரம், கச்சான் வீசும் ஆடி மாதத்துப் பகல். தென்மேற்குக் காற்று மழையை மலைநாட்டின் அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, இங்கே வறண்டு, சுட்டுக்கொண்டு வரும்.

படி 1: கொப்பித் தாளைப் பச்சையரிசி அளவுக்குக் கிழித்து மேசையில் பரப்புங்கள்.

படி 2: பிளாஸ்டிக் சீப்பால் காய்ந்த தலையை இருபது தரம் வாருங்கள். தேங்காய் எண்ணெய் வைத்த தலை சரிவராது. எங்கள் வீட்டில் அப்படி ஒரு தலை கிடைப்பதே பெரும்பாடு! கிடைக்காவிட்டால் பிளாஸ்டிக் அடிமட்டத்தைக் கம்பளித் துணியில் தேயுங்கள்.

படி 3: சீப்பை மெதுவாகத் தாளுக்கு மேலே இறக்குங்கள். ஒரு விரற்கடை தூரத்தில் துண்டுகள் முதலில் விளிம்பில் எழுந்து நிற்கும், பிறகு பட்டென்று ஒட்டும். கவனித்துப் பாருங்கள்: ஒட்டியதில் சில, கொஞ்ச நேரத்தில் தெறித்து விழும்.

நடந்தது இதுதான். தேய்த்தபோது முடியிலிருந்து இலத்திரன்கள், அதாவது அணுவிலுள்ள மறை ஏற்றத் துகள்கள், சீப்புக்கு மாறின. சீப்பு மறை ஏற்றம், முடி நேர் ஏற்றம். கடதாசிக்கு ஏற்றமில்லை. ஆனால் சீப்பு கிட்ட வரும்போது அதிலுள்ள இலத்திரன்கள் சற்றுத் தள்ளிப்போக, சீப்பைப் பார்த்த பக்கம் நேராகிவிடும், அதனால் இழுபடும். ஒட்டியபின் சீப்பின் இலத்திரன்கள் சில தாளுக்கும் ஏறும். ஒத்த ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளும், அதுதான் தெறிப்பு.

படி 4: பைப்பை நூல் போல ஒழுகவிட்டு, மறுபடி தேய்த்த சீப்பைக் கிட்டக் கொண்டுபோங்கள். தண்ணீர் வளையும். நனைந்தால் சீப்பைத் துடைத்துக் காயவைக்க வேண்டும்.

அப்புறம், பிளாஸ்டிக் கதிரையிலிருந்து எழும்பி இரும்புக் கேற்றைத் தொடும்போது சுள்ளென்று அடிப்பதும் இதே சங்கதிதான். ஒரு மில்லிமீற்றர் காற்றைத் தாண்டிப் பொறி பாய ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். பாயும் மின்னேற்றம் மிகச் சொற்பம் என்பதால் ஆபத்தில்லை. ஆனால் பெற்றோல் ஆவி தீப்பற்ற அந்தப் பொறியே போதும். கானில் பெற்றோல் அடிப்பதென்றால் வாகனத்துக்குள் வைத்து அடிக்காமல் நிலத்தில் இறக்கி வையுங்கள்.