அமெரிக்கா போகிற பிசியோக்களுக்கு: எதைச் சங்கத்திடம் கேட்பது, எதைப் போர்டிடம் கேட்பது

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமிருந்து பஸ் ஏறி கோயம்புத்தூரில் பி.பி.டி. என்கிற பிசியோதெரபி பட்டம் படிக்கிற பிள்ளைகள் அமெரிக்க ஆசை வந்ததும் முதலில் தேடுவது ஏ.பி.டி.ஏ.வைத்தான், அதாவது அமெரிக்கன் பிசிகல் தெரபி அசோசியேஷன் (பிசியோதெரபியை அங்கே பிசிகல் தெரபி என்பார்கள்). 1921-ல் தொடங்கிய பெரிய சங்கம், பெயரைக் கேட்டாலே அரசாங்க ஆபீஸ் மாதிரி இருக்கும். ஆனால் அதன் உறுப்பினர் அட்டையை வைத்துக்கொண்டு அங்கே ஒருவர் முழங்காலுக்குக்கூட சிகிச்சை கொடுக்க முடியாது. பத்திரிகை, மாநாடு, பயிற்சி, தொழிலுக்காக அரசிடம் வாதாடுவது, இதெல்லாம் சங்கத்தின் வேலை. சந்தா கட்டுவது அவரவர் விருப்பம்.

லைசென்ஸ் தருவது மாநிலம், அதைப் பார்க்கிற மாநில அமைப்பைத்தான் போர்டு என்கிறோம். அதனால் எந்த மாநிலம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், ஏனென்றால் கதவே ஊருக்கு ஊர் வேறு: கலிபோர்னியாவில் பிசிகல் தெரபிக்கென்றே தனி போர்டு, டெக்சாஸில் ஆக்குபேஷனல் தெரபியையும் சேர்த்துப் பார்க்கிற கவுன்சில், நியூயார்க்கில் மாநிலக் கல்வித்துறை. வாளையார் தாண்டினால் வண்டிக்கு வேறு பெர்மிட் கேட்கிற மாதிரிதான், ஒரு மாநில லைசென்ஸ் அடுத்த மாநிலத்தில் தானாகச் செல்லாது. பி.டி. காம்பேக்ட் என்ற ஒப்பந்தத்தில் சேர்ந்த மாநிலங்களுக்குள் மட்டும் கொஞ்சம் சலுகை உண்டு.

மாநிலம் முடிவானதும் அந்தப் போர்டின் தளத்தில் வெளிநாட்டில் படித்தவர்களுக்கான பக்கத்தைப் படியுங்கள். உங்கள் படிப்பைப் பாடம் பாடமாக ஒப்பிட்டுப் பார்க்க எஃப்.சி.சி.பி.டி. போன்ற அமைப்புகள் இருக்கின்றன, எதை ஏற்பது என்று போர்டுதான் சொல்லும். கல்லூரியில் சிலபஸ் நகலை இப்போதே வாங்கி வையுங்கள், பிறகு அலைய வேண்டியிருக்கும்.

பலரும் குழம்புவது மூன்றாவது ஒரு பெயரில். எஃப்.எஸ்.பி.பி.டி. என்பது போர்டுகளின் கூட்டமைப்பு. லைசென்ஸுக்காக எழுத வேண்டிய என்.பி.டி.இ. தேர்வை அதுதான் நடத்துகிறது, 200 முதல் 800 வரையிலான அளவில் 600 எடுத்தால் பாஸ், 12 மாதத்தில் 3 முறை, வாழ்நாளில் மொத்தம் 6 முறை எழுதலாம். பாஸான பிறகும் லைசென்ஸ் கொடுப்பது மாநிலம்தான்.

போர்டு இருப்பது நோயாளிகளைக் காப்பாற்ற, நமக்காக அல்ல. சம்பளம் குறைவு, இன்சூரன்ஸ்காரன் பணம் தரவில்லை என்று அங்கே எழுதிப் பயனில்லை, அது சங்கத்தில் பேச வேண்டியது. புதுப்பித்தல், முகவரி மாற்றம், இன்னொரு தெரபிஸ்ட் மீது புகார் என்றால் போர்டு.

யாராவது ஏஜெண்ட் “சங்கத்தில் பதிவு போட்டுத் தருகிறேன், வேலைக்கு அது போதும்” என்றால் பணம் கொடுக்காதீர்கள். அங்கே வேலை பார்ப்பதாகச் சொல்கிற ஒருவரின் பெயரை மாநில லைசென்ஸ் தேடல் பக்கத்தில் போடுங்கள், லைசென்ஸ் எண்ணும் அது இப்போது செல்லுபடியாகிறதா என்பதும் வந்துவிடும்.

நம் ஊரிலும் இதே கதைதான். 1955-ல் தொடங்கிய இந்தியன் அசோசியேஷன் ஆஃப் பிசியோதெரபிஸ்ட்ஸ் ஒரு சங்கம், பதிவேடும் மாநில கவுன்சிலும் 2021-ல் வந்த மத்தியச் சட்டத்தின் கீழ் வருபவை. கிளினிக் போடுகிறவர்கள் ஆயுள் சந்தா சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டு அத்தோடு நிற்காமல், கிளினிக் இருக்கிற மாநிலத்தின் பதிவையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.