வளவைக் கிண்டுற பெருச்சாளி: ஓட்டை அடைக்கிறது கடைசி வேலை

கொழும்பில வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் வீடு கட்டி ரெண்டு பேர்ச் மண் மிஞ்சினாலும் எங்கட ஆக்கள் அதில ஒரு வாழையும் கறிவேப்பிலையும் வைக்காமல் விடமாட்டினம். பிறகு ஒருநாள் காலமை பார்த்தால் வாழையடியில ஒரு பெரிய ஓட்டை, பக்கத்தில குவிச்ச மண். உடனே எல்லாரும் செய்யிறது என்னெண்டால் கல்லையும் உடைஞ்ச போத்தலையும் உள்ளுக்குத் தள்ளி மேல சீமெந்தைப் பூசிறது, ரெண்டு நாளில ஒரு அடி தள்ளி இன்னொரு ஓட்டை வரும், ஏனெண்டால் ஆள் இன்னும் உள்ளுக்குத்தான் இருக்கிறார், அவருக்கு மண் கிண்டுறதுதான் தொழிலே.

முதல்ல கிண்டுறது ஆரெண்டு பாருங்கோ. ஒரு மனிசக் கை போற அளவு ஓட்டை, வாசல்ல கனக்க மண் எண்டால் அனேகமா பெரிய பெருச்சாளி, நல்லா வளர்ந்தது ஒரு கிலோ வரைக்கும் வரும், மடக்கினால் மயிரைச் சிலிர்த்துக்கொண்டு உறுமும். சின்னச் சாதி ஒண்டும் இருக்குது, அது உள்ளுக்குப் போனாப்பிறகு வாசலை மண்ணால மூடிப்போடும், அதால ஓட்டையே தெரியாது, புதுசாக் கிண்டின ஈர மண் குவியல்தான் அடையாளம். வெள்ளவத்தைக் கால்வாய்க் கரையோரம் இருக்கிறவை வட்டமா வழுவழுப்பான ஓட்டையும் பக்கத்தில சின்னச் சின்ன சேத்து உருண்டையும் கண்டால் அது நண்டு, அதோட சண்டை பிடிக்கத் தேவையில்ல. கிச்கிச்செண்டு கத்திக்கொண்டு சுவரோரமா ஓடுற மூஞ்சூறையும் விட்டுவிடுங்கோ, கரப்பானையும் பூச்சியையும் திண்டுபோட்டுப் போற சீவன் அது. நகரத்துக்கு வெளியில வளவு வைச்சிருக்கிறவைக்கு மரவள்ளியையும் தென்னம்பிள்ளையையும் முள்ளம்பன்றி கிண்டியிருக்கவும் கூடும், விழுந்து கிடக்கிற முள்ளைத் தேடிப் பாருங்கோ.

எந்த ஓட்டையில ஆள் இருக்குதெண்டு அறியிறது சுகம். பின்னேரம் எல்லா ஓட்டையிலும் கசக்கின பேப்பரை லேசாச் செருகி விடுங்கோ, விடிய எது தள்ளுப்பட்டிருக்குதோ அதுதான் பாவனையில இருக்கிற ஓட்டை. ரெண்டு மூண்டு வாசல் இருக்கும், மதிலடி, கானோரம், செப்டிக் டேங்க் மூடிப் பக்கம் எல்லாம் தேடுங்கோ. கையை மட்டும் உள்ளுக்கு விடவேண்டாம், எலிப் பொந்தில நாகமும் வந்து படுக்கும்.

இனிச் சாப்பாடு. உண்மையில இதுதான் முழு விஷயமும், மற்றதெல்லாம் பிறகு. குப்பை எடுக்கிற நாளுக்கு முதல் நாள் ராவே பொலித்தீன் பையைக் கேற்றடியில வைச்சால் அது பெருச்சாளிக்கு விருந்து. மூடி இறுக்கமான பின்னில போட்டு விடிய வெளியில வையுங்கோ. கம்போஸ்ட் குழிக்குள்ள மீன் செதிலும் சோறும் போடாதேங்கோ, காகத்துக்கு வைக்கிற சோறு, நாய்க் கோப்பையில மிஞ்சினது எல்லாம் பொழுதுபட முதல் எடுக்கோணும். அடுக்கி வைச்ச பழைய பலகை, ஓடு, தென்னோலை அதுகளையும் அகற்றுங்கோ. சாப்பாடும் மறைவும் குறைஞ்சால்தான் பொறிக்குள்ள வைக்கிறதைத் தேடி வரும்.

பொறி எண்டால் பெரிய கம்பிக் கூடு வாங்குங்கோ, சின்ன எலிக்கூடு இதுக்குக் காணாது. சுட்ட தேங்காய்ச் சொட்டு அல்லது கருவாட்டுத் துண்டு நல்லா வேலை செய்யும். எலிக்குப் புதுச் சாமானில சந்தேகம், அதால முதல் ரெண்டு மூண்டு ராவுக்குக் கதவு விழாமல் கட்டிப்போட்டுச் சும்மா திண்ட விடுங்கோ, பழகினாப்பிறகு பூட்டுங்கோ. கூட்டைச் சுவரோரம், ஓட்டைக்குப் போற பாதையில வையுங்கோ, நடுமுற்றத்தில வைச்சுப் பிரயோசனம் இல்ல. பிடிச்சதைக் கொண்டுபோய் அடுத்த லேனில விடுறது தீர்வில்ல, அங்கயும் ஆக்கள் இருக்கினம்தானே.

எலி மருந்து எனக்குப் பிடிக்காது, காரணம் சொல்லுறன். ரத்தம் உறையாமல் செய்யிற சாதி மருந்து உடன கொல்லாது, சில நாள் எடுக்கும், அந்த நாளில தள்ளாடுற எலியை உங்கட பூனையோ ஆந்தையோ திண்டால் அதுக்கும் ஆபத்து. கொழும்பைச் சுத்தின சதுப்பு நிலத்தில மீன்பிடிப் பூனை வாழுது, அதுக்கும் இதே ஆபத்துத்தான்; ஈரநிலங்களைக் காக்கிற ராம்சர் எண்ட சர்வதேச உடன்படிக்கையின்ர ஈரநில நகரமெண்டு 2018ல பட்டம் கிடைச்ச ஊர் இது. சிங்க் பொஸ்பைட் எண்ட கறுப்புத் தூள் இன்னும் மோசம், அதுக்கு மாற்று மருந்தே இல்ல, பிள்ளையள் இருக்கிற வீட்டில நினைக்கவும் வேண்டாம். இதைவிட, எலி அத்திவாரத்துக்குள்ள செத்தால் கிழமைக்கணக்கா நாறும். மண்ணெண்ணெய், பூச்சி உருண்டை, மிளகாய்த்தூள் எல்லாம் காசுக்கும் மண்ணுக்கும் கேடு. தண்ணி விட்டு நிரப்பிறதும் அப்படித்தான், கடற்கரைப் பக்கத்து மணல் எல்லாத்தையும் குடிச்சிடும், மதிலடி மண்தான் அரிச்சுப் போகும்.

இந்த வேலை எதுக்கும் ரப்பர் கிளவுசும் பூட்சும் கட்டாயம். எலிச் சலத்தில இருந்து ஈர மண், தண்ணி வழியா காலில இருக்கிற சின்னக் கீறலுக்குள்ள எலிக்காய்ச்சல் வரும், 2008ல இலங்கையில 7,000 பேருக்கு மேல பதிவான நோய் இது. தோட்டம் கிண்டி ஒண்டு ரெண்டு கிழமைக்குள்ள காய்ச்சல், கெண்டைக்கால் நோ, கண் சிவப்பு எண்டால் பனடோல் போட்டுக்கொண்டு இருக்காமல் டொக்டரிட்டப் போய் மண்ணுக்குள்ள நிண்டனான் எண்டு நீங்களாவே சொல்லுங்கோ.

பேப்பர் மூண்டு நாலு ராவுக்கு அசையாமல் இருந்தால் இப்பதான் அடைக்கிற நேரம். ஓட்டையை அலவாங்கால இடிச்சு விழுத்தி, கல்லும் மண்ணும் போட்டு இறுக்கி, மதிலடியெண்டால் கொங்கிறீட் போடுங்கோ. பாத்திக்கு அரை அங்குலக் கண் வைச்ச வெல்ட் மெஷ்ஷை ஒரு அடி ஆழம் தாட்டு, அடியை வெளிப்பக்கமா மடக்கி விடுங்கோ, கோழிக்கூட்டு வலை மெல்லிசு, கடிச்சுப்போடும். கான் வாயிலயும் அதே மெஷ். பொந்து பக்கத்து வீட்டு மதிலுக்குக் கீழால போகுதெண்டால் அவையோடயும் கதைச்சு ஒரே கிழமையில ரெண்டு பக்கமும் செய்யுங்கோ, இல்லாட்டி அங்காலயும் இங்காலயுமா மாறி மாறிக் குடியிருக்கும்.