நெட் இருக்கிறது, பெயர்தான் திறக்கவில்லை

பொங்கலுக்கு ஊருக்குப் போகையில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனோம். பத்து நாள் கழித்து வந்து போட்டால், வீட்டில் ஒரு தளமும் திறக்கவில்லை. "நெட் போயிடுச்சாப்பா?" என்று அம்மா கேட்டார். நெட் போகவில்லை. தளத்தின் பெயரைத் தேடி அதன் ஐபி எண்ணைத் தரும் வேலைக்கு டிஎன்எஸ் என்று பெயர். எங்கள் வீட்டில் எல்லாக் கருவிகளுக்கும் அதைச் செய்வது ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினி. அதில் விளம்பரங்களைத் தடுக்கும் பை-ஹோல், அதற்குப் பின்னால் பெயர்களைத் தேடித்தரும் அன்பவுண்ட். பழுது அங்கேதான். அன்று ராத்திரி தேடிய வரிசையைத்தான் இன்றும் பின்பற்றுகிறேன்.

முதலில் கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வரான 8.8.8.8 என்ற எண்ணுக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுங்கள். பதில் வந்தால் லைன் நன்றாக இருக்கிறது, பெயரில்தான் சிக்கல். வராவிட்டால் ரவுட்டரையும் கேபிளையும் பாருங்கள்.

அடுத்து, யாரிடம் கேட்கிறோம் என்பதை நாமே முடிவு செய்து கேட்க வேண்டும். பெயரைத் தேடிப் பார்க்கும் என்எஸ்லுக்கப் கட்டளையில் தளத்தின் பெயருக்குப் பிறகு சர்வரின் எண்ணையும் கொடுங்கள். எங்கள் பை 192.168.1.10. அதனிடம் ஒரு தடவை, 8.8.8.8-இடம் ஒரு தடவை. வெளியே பதில் கிடைத்து வீட்டு சர்வரிடம் கிடைக்காவிட்டால், அது என்ன சொல்லி மறுக்கிறது என்று நிதானமாகப் படியுங்கள். பாதி விடை அதில் இருக்கிறது.

டைம் அவுட் என்றால் அங்கே கேட்க ஆள் இல்லை. சேவை ஓடவில்லை, அல்லது டிஎன்எஸ் கேள்விகள் வரும் 53-ஆம் போர்ட்டை ஃபயர்வால் மறிக்கிறது. உபுண்டுவில் புதிதாக நிறுவியவர்கள் அதன் சொந்த டிஎன்எஸ் சேவையான சிஸ்டம்டி-ரிசால்வ்டைப் பாருங்கள், 127.0.0.53-இல் அது முன்பே 53-ஐப் பிடித்து உட்கார்ந்திருக்கும். என்எக்ஸ்டொமைன் என்றால் "அப்படி ஒரு பெயரே இல்லை" என்று பொருள். எழுத்துப் பிழையாக இருக்கலாம். வீட்டுக் கருவிக்கு நாமே வைத்த பெயரை வெளி சர்வரிடம் கேட்டிருக்கலாம்.

எனக்கு வந்தது செர்வ்ஃபெயில், அதாவது "தேடி முடிக்க முடியவில்லை". டிக் என்ற இன்னொரு தேடும் கட்டளையில் பிளஸ் சிடி (கையெழுத்தைச் சோதிக்காதே) சேர்த்துக் கேட்டேன். உடனே பதில் வந்தது. அப்படி வந்தால் பதில் போலியில்லை என்று உறுதிசெய்யும் டிஎன்எஸ்செக் கையெழுத்துச் சோதனையில்தான் தடங்கல். பையில் தேதியைப் பார்த்தேன்: பத்து நாள் பின்தங்கியிருந்தது. பை 4-இல் பேட்டரியோடு ஓடும் கடிகாரம் கிடையாது. அணைத்தபோது இருந்த நேரத்திலிருந்தே மறுபடி தொடங்கும். ஒவ்வொரு கையெழுத்துக்கும் தொடங்கும் நாள், முடியும் நாள் உண்டு. பத்து நாள் பின்னால் நிற்கும் கடிகாரத்துக்கு இன்றைய கையெழுத்து இன்னும் பிறக்கவே இல்லை. நேரத்தைத் திருத்தலாம் என்றால், நேர சர்வரின் பெயரைத் தேடுவதற்கும் அதே அன்பவுண்ட்தான்! தேதியைக் கையால் திருத்தியதும் எல்லாம் திறந்தது. பிறகு நேரத்தைச் சரிசெய்யும் டைம்சிங்க்டி அமைப்பில் பெயருக்குப் பதிலாகக் கூகுள் நேர சர்வரின் எண் 216.239.35.0-ஐ எழுதிவைத்தேன். பை வைத்திருக்கிறவர்கள் இதை இன்றைக்கே செய்துவிடுங்கள்.

இரண்டு சர்வரும் பதில் தந்து போன் மட்டும் அடம்பிடித்தால், அது வேறு யாரிடமோ கேட்கிறது. கருவிகளுக்கு எண்ணையும் டிஎன்எஸ் சர்வரையும் சொல்லித்தரும் ரவுட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் இரண்டாவது டிஎன்எஸ் என்று 8.8.8.8 போட்டிருக்கிறீர்களா? முதலாவது படுத்தால்தான் அதைக் கேட்கும் என்று நம்பாதீர்கள். பல கருவிகள் இரண்டில் எதையும் கேட்கும். அதை எடுத்துவிடுங்கள். புது வகை ஐபி முகவரியான ஐபிவி6 வழியாக ரவுட்டர் தனியாக ஒரு சர்வரைச் சொல்லலாம். ஆண்ட்ராய்டின் பிரைவேட் டிஎன்எஸ், பிரவுசரின் செக்யூர் டிஎன்எஸ் இரண்டையும் பாருங்கள், அவை வீட்டு சர்வரை விட்டு வெளியே கேட்கலாம்.

வீட்டு சர்வர்களுக்கு டாட் லோக்கல் என்று முடியும் பெயர் வேண்டாம். அது, சர்வர் இல்லாமல் கருவிகள் ஒன்றையொன்று நேரடியாகத் தேடும் மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸுக்கு உரியது. வீட்டுக்கென்றே 2018-இல் ஒதுக்கியது ஹோம் டாட் ஆர்ப்பா. அப்பா எடுத்த போட்டோக்கள் இருக்கும் எங்கள் சர்வருக்கு அதைத்தான் வைத்தேன்.

எதை மாற்றினாலும் போனில் வைஃபையை ஒரு தடவை அணைத்துப் போடுங்கள். இல்லாவிட்டால் லீஸ் (ரவுட்டர் தந்த எண்ணுக்கான கெடு) புதுப்பிக்கும்வரை பழைய சர்வரையே கேட்டுக்கொண்டிருக்கும்.