பவர்ஷெல் தருவதை முதலாளி வாசிக்கும் அட்டவணையாக மாற்றுவது

செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடை. பில் அடிக்கும் கணினியில் எந்த டிரைவில் எவ்வளவு இடம் மிச்சம் என்று காட்ட, சி ஷார்ப் என்ற புரோகிராம் மொழியில் சின்ன புரோகிராம் ஒன்று எழுதினேன். உள்ளே விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லை ஓட்டினேன். பவர்ஷெல்லின் கறுப்புத் திரையில் அழகாக வந்ததே என்று, விடையை அட்டவணையாகக் காட்டும் ஃபோர்மட்-டேபிளையும் கட்டளையின் கடைசியில் சேர்த்திருந்தேன். திரை முழுக்க 'ஃபோர்மட்-என்ட்ரி-டேட்டா' என்று ஒரே வரி திரும்பத் திரும்ப வந்து நின்றது. முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்: "தம்பி, இதில டி டிரைவ் எது?"

பவர்ஷெல் தருவது எழுத்து அல்ல, ஒப்ஜெக்ட், அதாவது பெயரிட்ட விவரங்களின் பொதி. ஃபோர்மட்-டேபிள் அதை இப்படி வரை என்ற குறிப்புகளாக மாற்றிவிடும். கறுப்புத் திரைக்கு அந்தக் குறிப்பு விளங்கும், நம் புரோகிராமுக்கு விளங்காது.

அவசரத்துக்கு ஒரு வழி: ஃபோர்மட்-டேபிளுக்குப் பின்னால், அதை வெறும் எழுத்தாக மாற்றும் அவுட்-ஸ்ட்ரிங் போடுங்கள், அகலம் 200 என்று கொடுங்கள். கொடுக்காவிட்டால் நீளமான பெயர்களின் வால் வெட்டுப்படும். வருவதை, எழுத்தெல்லாம் ஒரே அகலமான கொன்சோலாஸ் எழுத்துருவில் காட்டினால் பத்திகள் நேராக நிற்கும். ஆனால் தலைப்பைத் தமிழில் வைத்தால் கோணும். 'மிச்சம்' நம் கண்ணுக்கு 4 எழுத்து, கணினிக்கு 7. அது 7 என்று எண்ணி இடம் விடும். நடந்ததைப் பதிந்து வைக்கும் லொக் கோப்புக்கு இந்த வழி போதும், கடைக்காரருக்குக் காட்ட வேண்டாம்.

சரியான வழிக்கு முதலில் ஃபோர்மட்-டேபிளைத் தூக்கிவிடுங்கள். கட்டளையை இன்வோக் செய்தால், அதாவது ஓட்டினால், ஒவ்வொரு டிரைவுக்கும் ஒரு பிஎஸ்-ஒப்ஜெக்ட் (பவர்ஷெல் ஒப்ஜெக்ட்) வரும். சி ஷார்ப்பில் நினைவக அட்டவணையான டேட்டாடேபிள் ஒன்று திறந்து டிரைவ், மொத்தம், மிச்சம் என்று மூன்று பத்தி போடுங்கள். பின்னிரண்டின் வகையும் டபிள் என்ற எண் வகையாக இருக்கட்டும். ஸ்ட்ரிங், அதாவது எழுத்து வகை, என்று விட்டால் வரிசைப்படுத்தும்போது 100 ஜிபி 22 ஜிபிக்கு முன்னால் போய் நிற்கும். அப்புறம் லூப்பில் ஒவ்வொரு ஒப்ஜெக்டின் புரொப்பர்ட்டியையும் (உள்ளே இருக்கும் விவரத்தை) பெயர் சொல்லி எடுத்து வரியில் போடுங்கள். இடம் பைட்டில் வரும். 23622320128 என்றால் யாருக்கு விளங்கும்? 1073741824ஆல் வகுத்தால் 22 ஜிபி.

நான் அடிபட்டது சிடி டிரைவில். உள்ளே தட்டு இல்லாவிட்டால் அளவு பூச்சியம் அல்ல, நல், அதாவது மதிப்பே இல்லை. அதைச் சோதிக்காமல், எழுத்தாக மாற்றும் டூ-ஸ்ட்ரிங் போட்டேன், புரோகிராம் விழுந்தது. நல் என்றால், டேட்டாடேபிளில் வெறுமையைக் குறிக்கும் டிபி-நல் போட்டு, அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள்.

முடிவில், திரையில் அட்டவணை காட்டும் டேட்டாகிரிட்வியூவின் டேட்டா-சோர்ஸில் அந்த டேபிளைக் கொடுத்தால் ஆயிற்று. தமிழ்த் தலைப்பும் கோணாது, ஏனென்றால் பத்திகளைப் பிரிப்பது கோடு, இடைவெளி அல்ல. முதலாளி 'மிச்சம்' மேல் ஒரு தட்டுத் தட்டினார். வெறுமையான சிடி வரிக்கு அடுத்ததாக, ஆகக் குறைந்த டிரைவ் மேலே வந்தது. "இதைத்தானே தம்பி கேட்டனான்" என்றார்.