மூடா ஆத்தோரம் ஓட ரூட் போடுறீங்களா, இந்தத் தப்புங்களைத் தவிர்த்திடுங்க

பினாங்குல ஓடுற நம்ம ஆளுங்களுக்கு யூத் பார்க், பொட்டானிக்கல் கார்டன், குவீன்ஸ்பே கடலோரம், செபராங் பக்கம்னா மெங்குவாங் டேம், இதையே சுத்திச் சுத்தி ஓடி கொஞ்சம் அலுத்துப் போச்சு. அடுத்த லாங் ரன் எங்கன்னு கேட்டா யாராவது ஒருத்தர் சுங்கை மூடா, அதான் மூடா ஆறு, அந்தப் பக்கம் போலாம், அப்படியே பழைய கோயில் தடயமெல்லாம் இருக்கற லெம்பா பூஜாங் பள்ளத்தாக்கு வரைக்கும் பாத்துட்டு வரலாம்னு சொல்றாங்க. தாராளமா போங்க. பச்சை வயல், பக்கத்துலயே ஆறு, நேர் எதிர்ல 1,217 மீட்டர் உயரத்துல குனோங் ஜெராய், இத மாதிரி ஒரு எடம் வடக்குல வேற இல்லன்னுதான் நான் சொல்லுவேன். ஆனா ரூட் போடுறவங்க கிலோமீட்டரை மட்டும் பாத்துப் போடுறாங்க, பிரச்சனையே அங்கதான் ஆரம்பிக்குது. ஆத்தங்கரை ரூட்டுக்கு மொதல்ல ஆத்தப் பாக்கணும், தண்ணி எங்க ஓடுது, மதகு எங்க இருக்கு, பாலம் எங்க இருக்கு, வயல்ல இப்ப என்ன வேலை நடக்குது, தூரக் கணக்கெல்லாம் அதுக்கப்புறம்தான்.

ரொம்பப் பேர் பண்றது, ஃபோன் மேப்புல கரையோரம் ஒரு கோடு தெரிஞ்சா அது வழின்னு நம்பிடறது. மேல இருந்து எடுத்த படத்துல கரை நேரா அழகாத்தான் தெரியும், அங்க போய் நின்னா ஜே.பி.எஸ் (வடிகால், நீர்ப்பாசன இலாகா) பூட்டுப் போட்ட இரும்பு கேட் இருக்கும், இல்ல நடுவுல ஒரு வாய்க்கால் குறுக்க போகும், தாண்டுறதுக்கு ஒரு பலகை கூட இருக்காது, இல்லன்னா கரை முடிஞ்சு தோட்டத்து ரோட்டுல போய் விட்டுடும், அங்க காவலுக்கு ஜாகா உக்காந்திருப்பாரு. தோட்டத்து ரோடுன்னா அது தனியார் எடம், கேக்காம உள்ள போகக் கூடாது, முன்னாடி நாளே போய்க் கேட்டு வச்சுக்கறதுதான் மரியாதை. அதவிடப் பெரிய தப்பு, இந்தக் கரையில போய் அந்தக் கரையில திரும்பி வரலாம்னு வட்டமா ரூட் போடுறது. ஆத்தைத் தாண்டுறதுக்கு பாலம் ஒரு சிலதுதான். ஹைவே பாலத்துல நடக்கவே கூடாது, ரயில் பாலத்தப் பத்திப் பேசவே வேணாம், 1957-ல திறந்த மெர்டேக்கா பாலம் பழைய மெயின் ரோட்டுல இருக்கு, காலையில லோரி பறக்கும். அதனால ஒரே கரையில போயிட்டு அதே வழியில திரும்புங்க. முன்னாடி நாள் அதே நேரத்துக்கு மோட்டார்ல ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்தா எங்க நாய் இருக்கு, எங்க கேட் இருக்குன்னு எல்லாம் தெரிஞ்சிடும், இது ஒண்ண செஞ்சாலே பாதிப் பிரச்சனை தீந்துச்சு.

இன்னொண்ணு, நம்ம பினாங்கு ஆளுங்க மறந்து போறது. ஆத்துக்கு அக்கரை கெடா மாநிலம். அங்க வார லீவு வெள்ளி, சனி. நமக்கு ஞாயித்துக்கிழமை காலையில ரோடு காலியா இருக்கும்னு நெனைச்சு முப்பது பேரைக் கூட்டிட்டுப் போனா, அங்க பள்ளிக்கூட பஸ்ஸு, பிள்ளைங்கள ஏத்திட்டுப் போற மோட்டாரு, வேலைக்குப் போற காடின்னு (காருன்னு) கம்பத்து (கிராமத்து) ரோடே நெறைஞ்சிருக்கும், அந்தச் சின்ன ரோட்டுல ரெண்டு வரிசையா ஓடினா யாருக்குத்தான் கோவம் வராது? கெடா பக்கம் போறதா இருந்தா சனிக்கிழமை போங்க, ரெண்டு பக்கமும் லீவு.

அடுத்தது வெயிலும் சேறும். பினாங்குல சூரியன் வர்றதே ஏழு மணிக்கு மேலதான், அதனால ஏழரைக்கு ஆரம்பிச்சாலும் சீக்கிரம்தான்னு தோணும். டவுன்ல கட்டட நிழல் இருக்கு, கார்டன்ல மரம் இருக்கு, வயக்காட்டுல ஒண்ணுமே கிடையாது, ஒம்பது மணிக்கெல்லாம் கரை மேல கொதிக்கும், வயத் தண்ணியிலேர்ந்து வேற ஆவி அடிக்கும். ஆறரைக்கு ஹெட்லேம்ப் போட்டு ஆரம்பிச்சு ஒம்பதுக்குள்ள முடிக்கற மாதிரி தூரத்தைக் குறைச்சுக்கங்க. தண்ணி நீங்களே தூக்கிட்டுப் போங்க, வழியில கடை இருக்கும்னு நம்பாதீங்க. மத்தியானத்துக்கு மேல அந்தப் பக்கமே போகாதீங்க, சாயங்காலம் இடி மழை வந்தா அந்த வெட்ட வெளியில உசரமா நிக்கறது நீங்க மட்டும்தான். ஒத்த மரத்துக்கு அடியில ஒதுங்கறதும் ஆபத்து, கட்டடத்துக்குள்ளயோ காடிக்குள்ளயோ போயிடணும்.

சேத்தப் பத்திக் கொஞ்சம் வெளக்கமாச் சொல்றேன், ஏன்னா அனுபவமுள்ள ரன்னருங்களே இதுல ஏமாந்துடறாங்க. கரையில இருக்கறது களிமண்ணு. காய்ஞ்சா தார் ரோடு மாதிரி கெட்டியா, ஓட ரொம்ப நல்லா இருக்கும். ஒரு ராத்திரி மழை பேஞ்சா போதும், ஷூ அடியில ஒட்ட ஆரம்பிச்சு நாலு எட்டுல ஒரு விரக்கடை தடிமனுக்கு ஏறிடும், உதறினாலும் போகாது, குச்சி வச்சுத்தான் சுரண்டணும், கால் எடை கூடிப் போயி முட்டி வலிக்கும். அறுப்பு நேரத்துல இன்னும் மோசம், அறுப்பு மெஷினும் நெல்லு ஏத்தற லோரியும் போன தடம் முழங்கால் ஆழத்துக்கு இருக்கும், மேல தண்ணி நின்னா ஆழமே தெரியாது. அந்தச் சமயத்துல மெஷினுக்குத்தான் வழி, அது அவங்க பொழப்பு, ஒதுங்கி நின்னு வழி விடுங்க. மருந்து அடிக்கிற நாளா இருந்தா திரும்பியே வந்துடுங்க. வாய்க்கால் தண்ணியில மூஞ்சி கழுவுறது, காலை நனைக்கறது ரெண்டும் வேணாம், மருந்துத் தண்ணியும் இருக்கும், எலிக் காய்ச்சல் கிருமியும் இருக்கலாம், கால்ல கொப்புளமோ காயமோ இருந்தா அது வழியாத்தான் உள்ள போகும். வீட்டுக்குப் போனதும் சோப்பு போட்டு நல்லாக் கழுவுங்க.

இனி சரித்திரத்துக்கு வரேன், எனக்கு மனசுக்கு ரொம்ப நெருக்கமான விஷயம் இது. லெம்பா பூஜாங் ஓட்டம்னா வழி நெடுக கோயில் தெரியும்னு நெனைச்சுட்டு வந்து ஏமாந்து போறவங்க நெறைய. இங்க கோபுரம் எதுவும் கிடையாது. பாதிக்கு மேல செங்கல் அடித்தளம்தான், அதுவும் செம்பனைக்கு நடுவுல. கப்பல் வந்த எடம் எப்படி தோட்டத்துக்குள்ள இருக்குன்னு கேப்பாங்க, ஆறு வண்டல் கொண்டாந்து கொட்டிக் கொட்டி கடல் தள்ளிப் போயிடுச்சு. நம்ம பினாங்குக் கரையிலயே, கெப்பாலா பத்தாஸ் பக்கம் குவார் கெப்பாவுல, பழைய காலத்து ஜனங்க தின்னு போட்ட சிப்பி மேடு இருந்துச்சு, இன்னைக்கு அங்கேர்ந்து கடல் கண்ணுக்கே தெரியாது. 2017-ல அங்க தோண்டுறப்ப ஒரு பொம்பளையோட எலும்புக்கூடு கெடைச்சுது, சுமார் 5,700 வருஷத்துக்கு முந்தினதுன்னு சொல்றாங்க. அக்கரையில கோத்தா கோலா மூடா கிட்ட கம்போங் சுங்கை மாஸ்ல கண்ணாடி மணிங்க கெடைச்சிருக்கு. அதனால கரையில ஓடுறப்ப ஒரு மணியோ பழைய ஓடோ கண்ணுல பட்டா எடுத்துப் பையில போட்டுக்காதீங்க, 2005 மரபுடைமைச் சட்டப்படி அத அதிகாரிங்ககிட்ட தெரியப்படுத்தணும், எடத்த விட்டு எடுத்துட்டா அதோட கதையே போயிடும்.

குரூப்புல நம்மாளு ஒருத்தர் கைட் ஆயிடுவாரு, இதெல்லாம் ராஜேந்திர சோழன் கட்டினதுன்னு ஆரம்பிச்சிடுவாரு. அது தப்பு. சோழப் படை கடாரத்த, அதான் இந்தக் கெடாவ, அடிச்சது 1025 வாக்குல, தஞ்சாவூர்க் கல்வெட்டுல கடாரம் பேரு இருக்கு, அது உண்மை. ஆனா அதுக்குப் பல நூறு வருஷத்துக்கு முன்னாடியே இங்க துறைமுகம் இருந்துச்சு, சுங்கை பத்துவுல இரும்பு உருக்கினாங்க, புத்த சமயத்துக்காரங்களும் இந்து சமயத்துக்காரங்களும் இருந்தாங்க. செபராங் பிறையில 1834-ல கெடைச்ச புத்தகுப்தன்கிற மாலுமியோட கல்வெட்டு 5ஆம் நூற்றாண்டுன்னு சொல்றாங்க, சோழனுக்கு அஞ்சு நூறு வருஷம் முன்னாடி. நம்ம பெருமைக்காக இந்த மண்ணோட சொந்த ஜனங்கள அழிச்சுட்டுப் பேச வேண்டியதில்ல, உள்ளத உள்ளபடி சொன்னாலே பிள்ளைங்க வாயப் பொளந்துட்டுக் கேப்பாங்க.

மெர்போக்குல இருக்கற லெம்பா பூஜாங் ம்யூசியம் வளாகத்துல பாக்கற சண்டி (பழைய கோயில்) எல்லாமே மொதல்லேர்ந்து அங்கேயே இருந்ததில்ல, சிலத வேற எடத்துலேர்ந்து கழட்டிக் கொண்டாந்து அடுக்கினாங்க. சண்டி புக்கிட் பத்து பஹாட் மட்டும் இப்ப இருக்கற அதே எடத்துல, ஓடைக்குப் பக்கத்துலதான் அன்னைக்கும் இருந்துச்சு. கிட்டப் போய்ப் பாத்தா கல்லு நடுவுல குழி வெட்டியிருக்கும், மரத் தூணு நின்ன எடம். அந்தக் கல்லு மேல கால வச்சு ஸ்ட்ரெச்சிங் பண்றவங்கள, குரூப் ஃபோட்டோவுக்கு மேடையில ஏறி நிக்கறவங்கள பாத்தா எனக்கு வயிறு எரியுது. 2013-ல சுங்கை பத்து எஸ்டேட் பக்கம் சண்டி 11-ஐ வீடு கட்டுற நெலத்துல இடிச்சே போட்டுட்டாங்க. பாக்கறதுக்கு வெறும் செங்கல் மாதிரி இருந்தா இப்படித்தான் போகும். தரையில நின்னு காலை நீட்டுங்க, அதுக்கு நெறைய புல்லு இருக்கு.

கோத்தா கோலா மூடாவுல ஓட்டத்த முடிக்கறவங்க பாசார் பீசிக் பாத்துட்டு வருவாங்க. மீன் வெலைய காதுக்குள்ள ரகசியமா சொல்லி ஏலம் எடுக்கற எடம் அது, நடுவுல போய் நின்னு ஸ்பீக்கர்ல பாட்டுப் போடுறது, ஏலக்காரர் மூஞ்சிக்கு நேரா ஃபோன நீட்டுறது எல்லாம் வேணாம். கம்பத்துக்குள்ள ஓடுறப்பவும் சட்டை போட்டுக்கங்க, சூராவ் (சின்னத் தொழுகை எடம்) கிட்ட சத்தத்தக் குறைங்க, வாசல்ல உக்காந்திருக்கற பாக்சிக்குக்கு (பெரியவருக்கு) ஒரு சலாம் வைங்க.

மொத தடவை போறவங்களுக்கு என் யோசனை, பெனாகா பக்கம் பினாங்குக் கரையில அஞ்சு கிலோமீட்டர் போய் அஞ்சு கிலோமீட்டர் திரும்புங்க, போதும். காடிய கடைக்காரர்கிட்ட கேட்டுட்டு நிறுத்துங்க, முடிச்சதும் அங்கேயே பசியாறுங்க. மெர்போக்க அதே நாள்ல பாக்கணும்னா காடியில போங்க, மாத்துத் துணி எடுத்து வச்சுக்கங்க, சேத்து ஷூவக் கழட்டி ஒரு பிளாஸ்டிக் பையில கட்டிப் பின்னாடி போட்டுடுங்க.