வெஸ்ட் கோஸ்ட் டிரெயில்: ஓத அட்டவணை ஏன் ஒத்துவரவில்லை?

கனடாவின் வான்கூவர் தீவில் 75 கி.மீ. நீளும் வெஸ்ட் கோஸ்ட் டிரெயிலில் கடலோரமாக நடக்க, கடல்நீர் ஏறி இறங்கும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணைதான் துணை. பச்சீனா விரிகுடாவிலிருந்து தெற்கே போனோம். வற்றம், அதாவது நீர் மிகவும் இறங்கும் வேளை, என்று போட்டிருந்த நேரத்துக்குப் போய் நின்றால், கடலுக்குள் நீளும் எந்தப் பாறை முனையிலும் தண்ணீர் வழிவிடவில்லை. காத்துக் கிடந்தே காலைகள் கழிந்தன.

அலை பெரிதோ என்று பார்த்தால், கடல் அமைதியான நாளிலும் அதே கதை. கடிகாரங்களை ஒப்பிட்டோம், சரியாகவே இருந்தன. அட்டவணை அதே தீவின் டொஃபினோ என்ற ஊருக்கானது, தூரத்தால் வரும் வித்தியாசமோ? பூங்கா நிர்வாகமே டொஃபினோவைத்தான் பார்க்கச் சொல்கிறது. ஆக, அதுவும் இல்லை. எரிச்சல்தான் மிச்சம்.

ஒரு நாள் அட்டவணை சொன்ன வற்ற நேரத்தில் நீர்விளிம்பில் குச்சி நட்டு வைத்தேன். தண்ணீர் அதைத் தாண்டியும் இறங்கிக்கொண்டே போனது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் திரும்பியது. கடல் இப்படி முழுசாக ஒரு மணி பிசகாதே! அப்புறம்தான் தாளின் மேல் ஓரத்தில் பொடி எழுத்தில் ‘பி.எஸ்.டி.’ கண்ணில் பட்டது: பசிபிக் பகுதியின் வழக்க நேரம். நாங்கள் நடந்ததோ கோடை நேரத்தில், கடிகாரம் ஒரு மணி முன்னே ஓடும் மாதங்களில்.

ஓவன் முனையைக் கடக்க ஓதம் 1.8 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும். அட்டவணை நேரத்தோடு ஒரு மணி கூட்டிக் கிளம்பினோம். பாசி படிந்த பாறைத்தட்டு முழுக்க வெளியே தெரிந்தது, வழுக்கல் மட்டும்தான் தொல்லை. உங்கள் தாளில் ‘பி.டி.டி.’ (பசிபிக் கோடை நேரம்) என்று இருந்தால் எதையும் கூட்டாதீர்கள்.